படத்தில் எழுத்து சேரும்போது வரும் பழுதுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புகைப்படத்தின் மேல் ஒரு வரி, ஓவியத்துக்குள் ஒரு கையெழுத்து, கொலாஜில் ஒட்டிய ஒரு செய்தித்தாள் துண்டு. எழுத்தும் படமும் சேரும் வேலைகளை நானும் செய்கிறேன்; பிறர் செய்து பாதியில் மாட்டிக்கொண்டவற்றையும் பல ஆண்டுகளாகச் சரிசெய்து வருகிறேன். திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டுப் பழுதுகள்தான். உங்கள் வேலையில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எளிதில் தீரும் காரணம் முதலில் இருக்கும், செலவும் உழைப்பும் பிடிக்கும் காரணம் கடைசியில் இருக்கும். பழுது நீங்கிய இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

எதைத் தொடும் முன்னும் ஒரு வேலை உண்டு. கணினியில் செய்வதென்றால் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். கையால் செய்வதென்றால் அதே தாள், அதே மை, அதே பூச்சு கொண்டு உள்ளங்கை அளவில் ஒரு சோதனைத் துண்டு செய்துகொள்ளுங்கள். என்னிடம் வந்தவற்றில் காப்பாற்ற முடியாமல் போனவை ஏறக்குறைய எல்லாமே, இருந்த ஒரே பிரதியின் மேல் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

## எழுத்து படத்துக்குள் கரைந்துவிடுகிறது, படிக்க முடியவில்லை

மிக அதிகமாக வரும் பழுது இதுதான். பெரும்பாலோர் உடனே எழுத்துக்கு நிழலும் சுற்றுக்கோடும் கொடுக்கிறார்கள். அது கடைசி மருந்து. முதலில் இடத்தைப் பாருங்கள்.

### இடம் தவறா?

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் தெரியும். எழுத்து இரண்டு திட்டுகளின் எல்லையில் உட்கார்ந்திருந்தால் பாதி தெரியும், பாதி மறையும். எந்த நிறம் கொடுத்தாலும் தீராது. இலைகள், புல், கூட்டம், செங்கல் சுவர் போன்ற இடங்களும் இப்படித்தான். அங்குள்ள கோடுகளின் பருமனும் எழுத்துக் கோட்டின் பருமனும் ஒன்றாக இருந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. வானம், வெற்றுச் சுவர், ஆழ்ந்த நிழல், ஆளுக்குப் பின்னால் மங்கிய பகுதி என்று ஓர் அமைதியான இடத்துக்கு எழுத்தை நகர்த்துங்கள். பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் ‘இங்கே எழுத்து இருக்கிறது’ என்று தெரிந்தால் இடம் சரி. என்னிடம் வரும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நகர்த்தலிலேயே தீர்ந்துவிடுகின்றன.

### ஒளிர்வு வேறுபாடு போதவில்லையா?

படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கின்றன. கலைப் படைப்புக்கு அது சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். அளக்கும்போது எழுத்துக்குப் பின்னால் உள்ள மிக மோசமான புள்ளியை எடுத்து அளக்க வேண்டும். பின்னணியின் சராசரி நிறத்தை எடுத்தால் கணக்கு நன்றாக வரும், எழுத்து மட்டும் தெரியாது.

### எழுத்துரு மெலிதா, வரிகள் நெருக்கமா?

தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, னை, ஞ, ழூ போன்றவை சிறிய அளவில் படத்தின் மேல் வரும்போது சுழிகளின் உட்பகுதி அடைபடுகிறது. மெல்லிய எழுத்துருவை விட்டு ஒரு படி தடித்ததை எடுங்கள். மிகத் தடித்ததை எடுத்தால் சுழி மறுபடியும் அடைபடும். வரி இடைவெளியும் முக்கியம். மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர ஊகார வளைவுகளும் இருப்பதால் நெருக்கி வைத்த வரிகள் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். எழுத்து அளவின் ஒன்றரை மடங்கில் தொடங்கிக் கண்ணுக்குப் பட்டபடி குறையுங்கள். எழுத்து இடைவெளியை மட்டும் அகட்டாதீர்கள். ‘கொ’ என்பதை அகட்டினால் கொம்பும் ககரமும் காலும் மூன்று தனித்துண்டுகளாகப் பிரிந்து நிற்கும்.

### படத்தைத் தொட வேண்டியிருக்கிறதா?

இடமும் நிறமும் எழுத்துருவும் சரியாக இருந்தும் தீரவில்லை என்றால் படத்தைத் தொடலாம். எழுத்து வரும் பக்கத்தில் மெல்ல இருட்டிச் செல்லும் ஒரு படலத்தை இடுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத அளவு நீளமாக அது இருக்க வேண்டும். அல்லது அந்தப் பகுதியை மட்டும் சற்று மங்கலாக்குங்கள். கையால் செய்யும் வேலையில் இதற்கு இணையானது, ஓவியர்களின் அடிப்பூச்சான வெள்ளை ஜெஸ்ஸோவை நீர்த்து மெல்லிய திரைபோல ஒரு கை பூசுவது, அல்லது எழுத்துக்கு அடியில் ஒரு துண்டு டிரேசிங் தாளை ஒட்டுவது. டிரேசிங் தாள் எனக்குப் பிடித்த வழி. படம் அடியில் மூச்சு விடுகிறது, எழுத்தும் நிற்கிறது.

இதுவும் போதவில்லை என்றால் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதுதான். எழுத்து வரப்போவது முன்பே தெரிந்திருந்தால், எடுக்கும்போதே இரண்டடி பின்னால் நகர்ந்து ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு எடுங்கள். அதற்குப் பிறகு எந்த மென்பொருளும் தேவைப்படாது.

## தமிழ் எழுத்து உடைகிறது

### கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன, அல்லது புள்ளிவட்டம் தோன்றுகிறது

எழுத்துருவில் பழுது இல்லை. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதி தமிழுக்கு ஏற்ப இயங்கவில்லை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளில் ‘டைப்’ பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பிறகு அந்த எழுத்து லேயரைத் தேர்ந்தெடுத்துப் பத்திப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைக் குறியிடுங்கள். அமைப்பை மாற்றிய பின்னும் பழைய கோப்பில் எழுத்து உடைந்தே நிற்பது வழக்கம்; புதிய எழுத்து லேயரில் மறுபடி ஒட்டினால் சரியாகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற சொல் உள்ள ‘கம்போசர்’ தேர்வை எடுங்கள். ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டிலும் இந்தத் தொல்லை பொதுவாக வருவதில்லை. அவசரத்துக்கு எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பில் அமைத்து, கோட்டுரு வடிவில் (தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வரைகோடுகளாக) எடுத்து வந்து படத்தின் மேல் வைப்பது நல்ல மாற்றுவழி.

### வெறும் கட்டங்கள் தெரிகின்றன

தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை, கவிவனார் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை நிறுவிச் சோதியுங்கள்.

### ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது

உரை பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. யூனிகோடு மாற்றியில் இட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை முழுதும் படித்துப் பாருங்கள். ஸ்ரீ, க்ஷ, ஃ, மேற்கோள்குறி ஆகியவை தவறிப்போகும் இடங்கள். ஔகாரத்தில் தனிக் கவனம் வேண்டும். ‘மௌனம்’ என்பதில் கொம்பும் மகரமும் ளகரமும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தோன்றும், எழுத்துருவை மாற்றியதும் அகன்றுபோகும்.

### என் திரையில் சரி, அச்சகத்தில் உடைகிறது

அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உட்பொதித்து அனுப்புங்கள். அதிலும் சந்தேகம் என்றால் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி அனுப்பலாம். மாற்றிய பிறகு ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. ஆகையால் பிழை பார்த்து முடித்த பின்பே மாற்ற வேண்டும், திருத்தக்கூடிய கோப்பையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

நாலைந்து வரிகளுக்கு மேல் போய் பக்கம் பக்கமாக உரை வருமானால், பட நூல் என்ற அளவுக்கு வேலை வளருமானால், தமிழ் தெரிந்த பக்க வடிவமைப்பாளர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வரி முறியும் இடத்தில் ஒற்றெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்துவிடாமல் பார்ப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை.

## திரையில் கூர்மை, அச்சில் மங்கல்

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 20 × 25 செ.மீ. அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஏறக்குறைய 2360 × 2950 படப்புள்ளிகள் வேண்டும். செயலிகள் வழியாக அனுப்பிப் பெற்ற படம் பெரும்பாலும் சுருங்கியே வந்திருக்கும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அளவு சரியாக இருந்தால், எழுத்தும் படமும் ஒரே படமாகச் சேர்த்துத் தட்டையாக்கப்பட்டனவா என்று பாருங்கள். புகைப்படத்துக்கு 300 போதும். எழுத்தின் ஓரத்துக்குப் போதாது. எழுத்து கோட்டுருவாகவே பிடிஎஃபில் இருந்தால் அச்சு இயந்திரத்தின் முழுக் கூர்மையோடு வரும். சோதனை எளிது: பிடிஎஃபைத் திறந்து 800 சதவீதம் பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரம் படிப்படியாகத் தெரிந்தால் அது படப்புள்ளிகளாகிவிட்டது.

எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் அழுக்குத் தெரிந்தால் ஜேபெக் சுருக்கம் காரணம். அது படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. கூர்மையான ஓரம் உள்ள இடத்தில் அந்தக் கட்டங்கள் கலங்கும். சிவப்பு எழுத்து இன்னும் மோசமாகும், ஏனென்றால் நிறத் தகவல் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது. திரைக்கு என்றால் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

### கருப்பு எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல்

திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கோப்பில் இட்ட கருப்பு, அச்சுக்கு மாறும்போது நான்கு மைகளின் கலவையாகிவிடுகிறது. நான்கு மைகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் எழுத்து தெளிவாகும். சிறிய எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று அமையுங்கள். படத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டுமானால் 9 பாயிண்ட் எழுத்தளவுக்குக் கீழே போக வேண்டாம், தடித்த எழுத்துருவாக இருக்கட்டும். சுற்றிலும் உள்ள மை உள்ளே கசிந்து எழுத்தை மெலிதாக்கிவிடும்.

### வெள்ளை எழுத்து அச்சில் காணாமலே போய்விட்டது

திரையில் இருந்த வரி அச்சடித்த தாளில் இல்லை. முதல் முறை எனக்கு இது நேர்ந்தபோது ஒரு கண்காட்சிக்கான அட்டைகள் முழுவதும் வரியே இல்லாமல் வந்து நின்றன. காரணம், அந்த எழுத்து முன்பு கருப்பாக இருந்தபோது ‘ஓவர்பிரிண்ட்’ என்று, அதாவது அடியிலுள்ள படத்தில் இடம் வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடும்படி, குறிக்கப்பட்டிருந்தது. பிறகு நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றியிருந்தேன். வெள்ளைக்கு மை இல்லை. எனவே படத்தின் மேல் அது அச்சாகாது. அனுப்பும் முன் பிடிஎஃபை ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தில் பாருங்கள், மறையப்போகும் எழுத்து அங்கேயே மறையும்.

வெட்டும்போது எழுத்து அரைகுறையாகப் போனால், படம் எல்லாப் பக்கமும் 3 மி.மீ. வெளியே நீண்டிருக்கிறதா, எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் எல்லாத் தாளிலும் ஒரே பக்கமாக நிறம் விலகித் தெரிந்தால் பழுது இயந்திரத்தில் இருக்கிறது. கோப்பை மேலும் மேலும் திருத்தாமல் அச்சகத்தாரிடம் தாளைக் காட்டுங்கள்.

## மை பரவுகிறது, கரைகிறது, ஒட்ட மறுக்கிறது

கையால் செய்யும் வேலையில் நான் அதிக நேரம் செலவிடும் பழுது இது. விரல் நுனியை நனைத்து, சோதனைத் துண்டில் முழுதும் காய்ந்த எழுத்தின் மேல் ஒரு முறை தேயுங்கள். மை விரலில் வந்தால் அது நீரில் கரையும் மை. அக்ரிலிக் மீடியமோ நீர்ப்பசையோ பட்டவுடன் பரவும். வராவிட்டால் அடுத்து, நீங்கள் பூசப்போகும் அதே வார்னிஷை அதன் மேல் பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நீருக்கு அசையாத மை வார்னிஷுக்கு அசையலாம். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் கெட்டுப்போனவை ஏராளம்.

### வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்ட எழுத்து பரவுகிறது

பல இங்க்ஜெட் இயந்திரங்களில் இருப்பது சாய மை. ஈரம் பட்டால் ஊதா, இளஞ்சிவப்பு விளிம்புகளோடு விரியும். செலவில்லாத வழி, அதே எழுத்தை லேசர் அச்சாக எடுப்பதுதான். டோனர் என்பது உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், நீரில் கரையாது. இங்க்ஜெட்டே வேண்டுமென்றால் நிறமி மை (கரையாத நிறத்தூள் கொண்ட மை) உள்ள இயந்திரத்தில் அச்சிடுங்கள். ஏற்கெனவே அச்சிட்ட தாளையே பயன்படுத்தியாக வேண்டுமா? ஓவியர்கள் பயன்படுத்தும் ஃபிக்சேட்டிவ் தெளிப்பானைத் தூரத்திலிருந்து மெல்லிய மூன்று நான்கு முறைகளாகத் தெளித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிடுங்கள். ஒரே தடவையில் நனைய நனையத் தெளித்தால் அந்தத் தெளிப்பே மையைக் கரைத்துவிடும்.

### மார்க்கர் எழுத்து வார்னிஷுக்குள் பரவுகிறது

‘அழியாத’ மார்க்கர் என்ற பெயரை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்த சாயம் இருக்கிறது. கரைப்பான் உள்ள வார்னிஷ் பட்டால் பரவும். சில சமயம் மேலே பூசிய அக்ரிலிக் அடுக்கைத் தாண்டியும் நாளடைவில் மேலே ஊறி வரும். வெளிச்சத்தில் நிறமும் வெளிறும். நிறமி மை என்று குறிப்பிட்ட நுண்முனைப் பேனாவையோ அக்ரிலிக் பெயிண்ட் பேனாவையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மார்க்கரில் எழுதிவிட்டீர்கள், அழிக்கவும் மனமில்லை என்றால், அந்த நிலையில் அதை நல்ல தெளிவோடு படமெடுத்து, அச்சிட்டு, அச்சின் மேல் வேலையைத் தொடருங்கள். மூலத்துக்குப் பூச்சு வேண்டாம்; கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள்.

### பளபளப்பான புகைப்படத்தில் மை உருண்டு திரள்கிறது

விரல் எண்ணெய் முதல் சந்தேகம். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கையுறை அணிந்து எழுதிப் பாருங்கள். அப்படியும் திரண்டால் தாளின் மேல் உள்ள பிளாஸ்டிக் பூச்சு காரணம், நீர் மை அதில் இறங்காது. பெயிண்ட் பேனா எழுதும், ஆனால் காய நேரம் பிடிக்கும். மணிக்கட்டு தேயாமல் மேலிருந்து கீழாக எழுதுங்கள். இன்னும் நல்லது, படத்தையே மேட் தாளில் அச்சிட்டுக்கொள்வது. அதில் நிறமி மைப் பேனா காகிதத்தில்போலவே இழைகிறது.

பின்புறம் எழுதும்போது பந்துமுனைப் பேனாவை எடுக்காதீர்கள். அழுத்தம் முன்பக்கம் புடைத்துக்கொண்டு, சாய்ந்த வெளிச்சத்தில் முகத்தின் மேல் வரிவரியாகத் தெரியும். மென்மையான பென்சில் போதும்.

### பேனா இடையிலேயே நின்றுவிடுகிறது

அடியில் உள்ள அக்ரிலிக் இன்னும் முழுதும் காயவில்லை, அல்லது மெழுகுள்ள வண்ணம் முனையை அடைத்துவிட்டது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் அக்ரிலிக் உள்ளே பல நாள் ஈரமாக இருக்கும். பொறுங்கள். மெழுகு என்றால் அந்த இடத்தில் பேனா ஓடாது. எழுத்தை முதலில் எழுதி மெழுகைப் பிறகு தீட்டும்படி வரிசையை மாற்றுங்கள், அல்லது மெழுகைச் சுரண்டி எழுத்தை அடிநிறத்தில் எடுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: மை பரவியது ஒரே பிரதியான பழைய குடும்பப் புகைப்படத்திலோ கையெழுத்துக் கடிதத்திலோ என்றால், நீரால் துடைக்க வேண்டாம். உறிஞ்சுதாளை மேலே மெல்ல வைத்து, தேய்க்காமல் எடுத்துவிட்டு, காகித ஆவணப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டில் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் அவர் செய்யக்கூடியதைக் குறைத்துவிடும்.

## ஜெல் மீடியம் வழியாக மாற்றிய எழுத்து கெட்டுப்போகிறது

அச்சிட்ட தாளை ஜெல் மீடியத்தால் முகம் கீழாக ஒட்டி, காய்ந்தபின் காகிதத்தை நனைத்துத் தேய்த்தெடுத்து, எழுத்தை மட்டும் விட்டுவைக்கும் முறை இது. எழுத்து இடவலம் மாறி வந்திருந்தால் அச்சிடும் முன் இடவலமாகத் திருப்ப மறந்திருக்கிறீர்கள். படம் மட்டும் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், எழுத்து உடனே காட்டிக்கொடுக்கும். ஒட்டும் முன் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் படியுங்கள். பின்பக்கமிருந்து சரியாகப் படிக்க முடிந்தால்தான் ஒட்ட வேண்டும்.

எழுத்தின் மேல் வெண்மையான மூட்டம் இருந்தால் அது போகாமல் நிற்கும் காகித நார். நனைத்தால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும். ஈர விரலால் வட்டமாக, இன்னும் ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் தேயுங்கள். மிச்சமிருக்கும் இலேசான மூட்டம் பளபளப்பு மீடியத்தை ஒரு கை மெல்லியதாகப் பூசினால் அடங்கிவிடும்.

ஓட்டை விழுந்தால் மூன்று காரணங்கள்: ஜெல் எல்லா இடத்திலும் படவில்லை, காற்று சிக்கிக்கொண்டது, அல்லது ஒரு நாள் காய்வதற்குள் தேய்த்துவிட்டீர்கள். தமிழில் முதலில் உதிர்வது மெய்யெழுத்தின் புள்ளி. ‘கல்’ என்பது ‘கல’ என்று நின்றுவிடும். இதற்காகவே மாற்றப்போகும் எழுத்தை 18 பாயிண்ட் அளவுக்குக் குறையாமல் தடித்ததாக அச்சிடுவேன். தேய்த்து முடித்தபின் மூலத்தோடு வைத்துப் புள்ளி புள்ளியாகச் சரிபார்த்து, போனவற்றை நிறமி மைப் பேனாவால் இட்டுவிடலாம். எதுவுமே ஒட்டவில்லை, எல்லாம் சாயமாகக் கரைந்தது என்றால் அது இங்க்ஜெட் அச்சு. லேசர் அச்சோ டோனர் நகலோ எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

## ஒட்டிய எழுத்துத் துண்டு சுருங்குகிறது, எழும்புகிறது, மஞ்சளாகிறது

சுருக்கத்துக்குப் பசையில் நீர் அதிகம் என்பதே வழக்கமான காரணம். பசையைக் கெட்டியாக, மெல்லியதாக, ஓரம்வரை பூசி, நடுவிலிருந்து வெளிப்புறமாக உருளையால் அழுத்துங்கள். சிலிக்கோன் பூசிய தாளை மேலே வைத்து, பலகையும் கனமான நூல்களும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். அப்படியும் சுருங்கினால் தாளின் நார்த்திசையைப் பாருங்கள். தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும். அப்போது மடிப்பு விழும் திசைதான் நார் ஓடும் திசை. ஈரத்தில் தாள் அதற்குக் குறுக்காகவே அதிகம் விரியும். துண்டின் நாரும் அடித்தாளின் நாரும் ஒரே திசையில் ஓடும்படி வெட்டி ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கும். அடித்தாள் முழுவதும் வில்லாக வளைந்தால் அது எடைக்குத் தாங்கவில்லை. பின்புறம் அதே அளவு தாள் ஒன்றை ஒட்டிச் சமன்செய்யுங்கள், அடுத்த முறை சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளோ பலகையோ எடுங்கள்.

செய்தித்தாள் துண்டு மஞ்சளாவதை நிறுத்த முடியாது. மரக்கூழிலுள்ள லிக்னின் வெளிச்சத்தில் பழுத்துக்கொண்டே இருக்கும், மேலே மீடியம் பூசினாலும் பழுக்கும். அமிலமற்ற தாளில் அதை நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். மஞ்சளாவதே வேண்டும், காலம் ஏறுவது தெரியட்டும் என்று நினைத்துச் செய்தால் அது வேறு. அப்படியானால் அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்கு இறங்காமல் அடியில் ஓர் அக்ரிலிக் பூச்சு கொடுத்துவிடுங்கள். ஒளிபுகும் ஒட்டு நாடாவும் ரப்பர் பசையும் நாளடைவில் பழுப்பேறி எழுத்தையும் கறையாக்கும்; இரண்டையும் மேசையிலிருந்தே அகற்றிவிடலாம்.

## முடிந்த வேலையைப் படமெடுத்தால் எழுத்து தெரியவில்லை

கண்ணாடியை எடுத்துவிட்டுப் படமெடுங்கள். விளக்குகள் இரண்டும் இருபுறமும் 45 பாகைச் சாய்வில் இருக்கட்டும், கேமரா வேலைக்கு நேர் எதிரே, அதற்கு இணையாக இருக்கட்டும். மீடியம் பூசிய இடம் மட்டும் மின்னினால் விளக்குகளை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள். அப்போதும் மின்னினால் போலரைசர் வடிகட்டி தேவை. ஒட்டிய அச்சுத் துண்டில் அலையலையான கோலம் தெரிந்தால், அச்சின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதுகின்றன. தூரத்தைச் சற்றே மாற்றினால் போய்விடும். ஸ்கேனரில் என்றால் அதற்கான புள்ளிநீக்கத் தேர்வு இருக்கும்.

## எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எழுத்தும் படமும் சேரவில்லை

இந்த அறிகுறியைச் சொல்லி வருபவர்களுக்கு எங்கே பழுது என்று சொல்லத் தெரிவதில்லை. ‘ஏதோ போஸ்டர்போல இருக்கிறது’ என்பார்கள். எனக்கு மிகவும் முக்கியமான பழுது இதுதான். மை பரவினால் மறுபடி எழுதலாம். இங்கே சேராமல் போனால் மற்ற உழைப்பு எல்லாம் வீண்.

### எழுத்து படத்தையே திரும்பச் சொல்கிறதா?

ஒரு தாளால் எழுத்தை மூடிவிட்டு, இதை முன்பு பார்க்காத ஒருவரிடம் படத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படத்தை மூடிவிட்டு வரியை மட்டும் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வரி தேவையில்லை. நான் எடுத்த ஒரு படத்தில் வாசலோரம் ஒரு காலி நாற்காலி இருந்தது. ‘அப்பாவின் காலி நாற்காலி’ என்று எழுதியிருந்தேன். காலி என்பது படத்திலேயே இருந்தது, நாற்காலியும் இருந்தது. பல நாள் கழித்து அதை அழித்துவிட்டு ‘ஆறு மணிக்கு வந்துவிடுவார்’ என்று எழுதினேன். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை, பார்ப்பவர்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

1929இல் பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் ஒரு புகைக்குழாயை அச்சு அசலாகத் தீட்டி, ‘இது புகைக்குழாய் அல்ல’ என்று அடியில் எழுதினார். எழுத்து படத்தை மறுக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட எளிய பாடம் இல்லை. மறுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. படம் காட்ட முடியாத ஒன்றை, ஒரு நேரத்தை, ஒரு குரலை, சட்டத்துக்கு வெளியே நிற்பவரை எழுத்து கொண்டுவந்தால் போதும்.

### எழுத்தின் தோற்றம் குரலுக்குப் பொருந்துகிறதா?

வரி தாழ்ந்த குரலில் பேசுகிறது, எழுத்துரு திருவிழா அழைப்பிதழைப்போல இருக்கிறது என்றால் அதுதான் பழுது. அதே வரியைப் பென்சிலால் உங்கள் கையெழுத்தில் எழுதி, ஸ்கேன் செய்து, ‘மல்டிப்ளை’ முறையில் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாள் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டுவேன் மைக்கேல்ஸ் தம் புகைப்படங்களின் வெண்விளிம்பில் கையால்தான் எழுதினார். எழுத்தில் தெரியும் அந்தக் கை, படத்தை எடுத்தவர் அருகில் நின்று பேசுவதுபோல ஆக்குகிறது. ஈரானில் பிறந்த கலைஞர் ஷிரின் நெஷாத் 1990களில் பெண்களின் புகைப்படங்களில் முகத்தின்மேலும் கைகளின்மேலும் பாரசீக வரிகளை மையால் எழுதினார். அங்கே எழுத்து தோலோடு தோலாகிவிடுகிறது. விளிம்பில் எழுதுவதும் உடம்பின் மேல் எழுதுவதும் ஒன்றல்ல. உங்கள் வரி எங்கே நின்று பேசுகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

### எழுத்து அதிகமா?

பாதியாக வெட்டுங்கள். மறுபடி பாதியாக வெட்டுங்கள். எந்த வெட்டில் வேலை உடைகிறதோ அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.

### வரி யாருடையது?

பிறர் எழுதிய கவிதை வரி என்றால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். விற்பனைக்கோ அச்சுக்கோ போகும் வேலை என்றால், அனுமதி பற்றிச் சந்தேகம் இருக்கும்வரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரைக் கேட்கும் இடம் அது. எத்தனை வெட்டியும் எத்தனை மாற்றியும் வரி படத்தோடு சேரவில்லை என்றால், அதைக் கவிஞர் ஒருவரிடமோ நல்ல பதிப்பாசிரியர் ஒருவரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பழுதுக்கு வல்லுநர் அவர்தான்.

படத்தில் ஒருவர் முகம் தெரிந்தால், நீங்கள் எழுதிய வரி அவர் வாயிலிருந்து வந்ததாகவே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். வெளியே காட்டும் முன் படத்தையும் வரியையும் சேர்த்து அவரிடம் காட்டுங்கள். அவர் வரியை மாற்றச் சொன்னால் எந்தச் சொல் அவருக்கு உறுத்துகிறது என்று கேட்டு, அந்தச் சொல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.